தேயாத பல்

மாப்பிள்ளை அந்த ஊரைப் பற்றி வாய் திறந்தால் வீட்டில் ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். ஒருவருக்குக் காயப்போட்ட துணியை எடுக்க வேண்டியிருக்கும், இன்னொருவருக்கு அப்போது பார்த்துத்தான் போன் வரும். மிஞ்சி உட்கார்ந்திருப்பது மாமியார் ஒருவர்தான். மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது அவரால் ஆகாத காரியம். வலது கையால் வாயை மறைத்துக்கொண்டு, "அப்படியா மாப்பிள்ளை", "நிஜமாவா மாப்பிள்ளை" என்று ஆறு வருஷமாக அந்தப் புராணத்தைக் கேட்டு வந்திருக்கிறார். அந்த ஊரில் டிராம் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காது. அந்த ஊரில் எவ்வளவு மழை பெய்தாலும் செருப்பில் சேறு ஒட்டாது. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டே இரண்டு வருஷம் அங்கே வேலை பார்த்துவிட்டு வந்தவன், ஏதோ அந்த ஊரைக் கட்டியதே தான்தான் என்பதுபோல் அளப்பான்.

இப்போது அதே மாமியாரை அழைத்துக்கொண்டு, அந்த ஊர் ரயில் நிலையத்தின் வாசலில், கொட்டுகிற மழையில் நின்றுகொண்டிருந்தான். வரவேண்டிய டிராம் இருபது நிமிஷமாக வரவில்லை. மாமியார் செருப்பில் அப்பியிருந்த சேற்றைப் படிக்கட்டு விளிம்பில் மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னெல்லாம் இப்படிக் கிடையாது அத்தை," என்றான் அவன்.

"பரவால்ல மாப்பிள்ளை."

'பரவால்ல' என்பதுதான் மாமியாரின் பேச்சில் முக்கால் பங்கு. விமானத்தில் குளிர் நடுக்கியபோதும் பரவால்ல, அவன் தெரியாத்தனமாக அவர் காலை மிதித்தபோதும் பரவால்ல.

அவர்கள் போய்ச் சேரவேண்டிய இடம் இந்த ஊர் இல்லை. இங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம் போனால் எல்லை தாண்டி வேறொரு நாட்டில் ஒரு நடுத்தரமான நகரம். அங்கேயுள்ள மருத்துவமனையில் அவன் மனைவி மூன்று வருஷமாக நர்ஸாக இருக்கிறாள். இப்போது அவளுக்கு ஏழாவது மாதம். பிரசவத்துக்குத் துணையாக மாமியார் மூன்று மாதம் இருக்கப்போகிறார், அவனும் கெஞ்சிக் கூத்தாடி மூன்று மாத விடுப்பு வாங்கியிருந்தான். அது முடிந்ததும் அவன் மாமியாரோடு ஊர் திரும்பவேண்டும். பிறந்த குழந்தையை போன் திரையில்தான் பார்க்கவேண்டும்.

அதைத் தவிர்க்க ஒரு வழி இந்த ஊரில் இருந்தது. அதனால்தான் பயணத்தின் முதல் நாளையே இங்கே வைத்திருந்தான்.

அவன் பல்செட் செய்கிறவன். பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, ஈறு மாதிரி அச்சு எடுத்து, மெழுகில் பல் அடுக்கி, கடைசியில் பளபளவென்று முழு செட்டாகத் திருப்பி அனுப்புவான். ஊரில் அவன் வேலை பார்க்கிற லேபில் நோயாளியின் முகத்தைப் பார்க்கிற வழக்கமே இல்லை. பெட்டியில் வரும் அச்சு, பெட்டியில் போகும் பல். ஆனால் இந்த ஊரில் அப்படியில்லை. லேபிலேயே ஒரு நாற்காலி போட்டிருப்பார்கள். பல் வேண்டியவர் நேரே வந்து உட்காருவார், செய்கிறவர்களே வாயைப் பார்த்துச் செய்து மாட்டி அனுப்புவார்கள். அந்த இரண்டு வருஷமும் அவன் அந்த நாற்காலிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பாஷை சரியாக வராத கூச்சம். அச்சைக் கொடுத்தால் போதும், ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து யாருக்கும் அமையாத அழகில் பல் அடுக்கிவிடுவான்.

அப்போது அவனுக்குப் பக்கத்து மேஜையில் இருந்தவள்தான் இப்போது லேபையே நடத்துகிறாள். கழுத்தில் எப்போதும் ஒரு சின்ன உருப்பெருக்கி தொங்கும். எதைக் கொடுத்தாலும் அதைக் கண்ணில் வைத்துத்தான் பார்ப்பாள். அவளுக்குத் தெரியாமல் அவன் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருந்தான். வீட்டிலும் அதே பெயர்தான் புழங்கியது. அவன் மனைவி போனில், "உங்க பூதக்கண்ணாடிய எங்கம்மா ஒருதடவை நேர்ல பாத்துட்டு வரட்டும், எனக்கும் நிம்மதி" என்று சீண்டுவாள்.

இரண்டு மாதம் முன்னால் அவன் பூதக்கண்ணாடியிடம் வேலை கேட்டிருந்தான். வேலை கிடைத்தால் இந்த ஊரிலேயே வீடு பார்த்துக்கொள்ளலாம், வாரக் கடைசி இரண்டு நாளும் மனைவி குழந்தையோடு இருக்கலாம். தான் செய்த செட்டுகளின் படங்களை அனுப்பட்டுமா என்று கேட்டான்.

"படம் வேண்டாம்," என்றாள் அவள். "படத்துல எல்லாப் பல்லும் சிரிக்கும். நீ செஞ்சு, ஒரு வாயில நாலஞ்சு வருஷம் இருந்த செட்டைக் கொண்டு வா. தேய்மானத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்."

அது அந்த லேபின் பழைய வழக்கம். புதிதாக ஆள் எடுக்கும்போது புதுப் பல்லை யாரும் பார்க்கமாட்டார்கள். தினமும் சாப்பிட்ட பல் எப்படித் தேய்ந்திருக்கிறது, இரண்டு பக்கமும் சமமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். செட் சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்பதை அதிலிருந்தே சொல்லிவிடுவார்கள்.

அவனுக்குக் கேட்க வேண்டுமா? தலைகால் புரியவில்லை. அவன் வாழ்க்கையிலேயே செய்த மிக அழகான செட் நான்கு வருஷமாக மாமியாரின் வாயில் இருக்கிறதே!

"என் சிநேகிதி ஒருத்தங்க உங்க பல்லைப் பாக்கணும்னு ஆசைப்படறாங்க அத்தை," என்று இரண்டு வாரம் முன்னால் சொன்னபோது மாமியாரின் முகத்தில் ஈயாடவில்லை. கூச்சம் என்று அவன் நினைத்துக்கொண்டான். வேலை விஷயத்தைச் சொல்லவில்லை, மகள் சொல்லியிருப்பாள் என்பதும் அவனுக்குத் தோன்றவில்லை.

ஒருவழியாக டிராம் வந்தது. ஏறினால் அதன் எண் மாறியிருந்தது, தடமும் மாறியிருந்தது. "எனக்கு இந்த ஊர் உள்ளங்கை மாதிரி" என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அது ஆற்றைத் தாண்டி வேறெங்கோ போய்விட்டது. இறங்கி நடந்தார்கள். மழை விட்டிருந்தது. வளைந்து வளைந்து போய், கையில் புத்தகம் வைத்திருக்கும் ஒரு சிலையடிக்கு வந்தார்கள். அரை மணி நேரத்தில் மறுபடியும் அதே சிலையடிக்கு வந்தார்கள். மூன்றாவது தடவையும் வந்தபோது மாமியார் அந்தச் சிலைக்குத் தெரிந்தவரைப் பார்ப்பதுபோல் லேசாகத் தலையசைத்தார். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழி தெரியாத கோபமும் அத்தோடு போய்விட்டது.

அதன் பிறகுதான் அவனுக்குப் பழைய ஊர் கண்ணில் பட ஆரம்பித்தது. தபால் நிலையத்தின் மேலிருந்த கடிகாரம் இன்னும் நான்கு நிமிஷம் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தது. சலவைக்கடையின் வாசலில் அதே சோப்பு மணம், அதே வெந்நீர் ஆவி. அவன் குடியிருந்த மூன்றாவது மாடி அறையின் ஜன்னலில் யாரோ ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். கீழே செருப்புத் தைக்கிறவர் இருந்த இடத்தில் போன் உறை விற்கிற கடை வந்திருந்தது. அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். மாமியார் அவசரப்படுத்தவில்லை. ஈரத்துண்டையும் அவன் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்ல ஊர்தான் மாப்பிள்ளை," என்றார். இந்தத் தடவை அது மரியாதைக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

மூலையில் இருந்த பழக்கடை மட்டும் அப்படியே இருந்தது. வேலைக்குப் போகும் வழியில் தினமும் ஒரு ஆப்பிள் வாங்கிக் கடித்துக்கொண்டே போவான். இரண்டு வாங்கி ஒன்றை மாமியாரிடம் நீட்டினான்.

"அப்புறம் சாப்பிடறேன் மாப்பிள்ளை," என்று அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

லேப் அதே தெருவின் கோடியில், அதே இரண்டாவது மாடியில் இருந்தது. படி ஏறும்போதே பிளாஸ்டர் தூசியும் உருகின மெழுகும் கலந்த வாசனை வந்துவிட்டது. அவன் அதை ஆழமாக உள்ளே இழுத்துக்கொண்டான். வேறு யாராவதாக இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

பூதக்கண்ணாடிக்கு முன்பக்கம் கொஞ்சம் நரைத்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கழுத்தில் அதே உருப்பெருக்கி. அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள், மாமியாரைப் பார்த்து நன்றாகச் சிரித்தாள், உட்காரச் சொன்னாள். ஜன்னலோரத்தில் அவன் பழைய மேஜை காலியாகக் கிடந்தது. அவன் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"அங்க உக்காந்திருந்த ஆள் போன மாசம்தான் வேலைய விட்டுப் போனார்," என்றாள். "சரி, முதல்ல பல்லைப் பாப்போம்."

அவள் பேசுவது மாமியாருக்குப் புரியாது, மாமியார் பேசுவது அவளுக்குப் புரியாது. நடுவில் அவன்தான் இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்லவேண்டும். "பல்லைக் கழட்டித் தரச் சொல்றாங்க அத்தை," என்று சொல்லிவிட்டு மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஊரில் கண்ணில் படுகிறவர் பல்லையெல்லாம் எடைபோடுகிறவன், பஸ் கண்டக்டரின் முன்பல்லில் இருக்கிற விரிசல்வரை சொல்லுவான். மாமியார் வாயை மட்டும் அவன் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவரும் கையை எடுத்ததில்லை.

பூதக்கண்ணாடி செட்டை வாங்கிக் கழுவித் துடைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடுக்கு பிரமாதம்," என்றாள். அவனுக்கு வாயெல்லாம் பல். பிறகு உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தாள். வைத்தவள் வெகு நேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது முகம் மாறியிருந்தது.

"இதை யார் தேய்ச்சது?"

"புரியல."

"இங்க பாரு." உருப்பெருக்கியை அவனிடம் கொடுத்தாள். கடைவாய்ப் பற்களின் மேல் கோடு கோடாகக் கீறல் இருந்தது. எல்லாம் நேர்க்கோடு, எல்லாம் ஒரே பக்கமாக. "சாப்பாடு நேர்க்கோட்டுல தேய்க்குமா? இது அரம் வெச்சுத் தேய்ச்சது. கோட்டை எடுத்துட்டா பல் புதுசு. ரெண்டு வாரச் சாப்பாடுகூட இதுல இல்ல." செட்டை மேஜைமேல் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் அவனை இன்னும் குத்தியது. "வேலைக்காக நீ இப்படிச் செய்வேன்னு நான் நினைக்கல."

அந்தப் பாஷையில் அவன் இரண்டு வருஷம் கற்ற அத்தனை வார்த்தையும் எங்கோ ஓடி ஒளிந்துகொண்டன.

"என்ன மாப்பிள்ளை சொல்றாங்க?" வாயைக் கையால் மூடியபடி மாமியார் கேட்டார்.

"ஒண்ணுமில்ல அத்தை."

"சொல்லுங்க."

"பல்லை நான் அரத்தால தேய்ச்சு, பழசு மாதிரி காட்டி, ஏமாத்தப் பாக்கறேன்னு சொல்றாங்க."

மாமியார் எழுந்து நின்றார். வாயை மறைத்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது. ஒரு பல்கூட இல்லாத வாயோடு, மாப்பிள்ளையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"நான்தான் தேய்ச்சேன். நான்தான்னு சொல்லுங்க அவங்ககிட்ட. பிளேன் பாத்ரூம்ல உக்காந்து, நகம் தேய்க்கிற அட்டைய வெச்சுத் தேய்ச்சேன். வெளிய ஒரு பொண்ணு கதவைத் தட்டிக்கிட்டே இருந்தா, இல்லாட்டி இன்னும் கொஞ்சம் தேய்ச்சிருப்பேன்."

விமானத்தில் மாமியார் கழிவறைக்குப் போய் அரை மணி நேரம் வராததும், வயிற்றுக் கோளாறோ என்று தான் கவலைப்பட்டதும் அவனுக்கு ஞாபகம் வந்தது.

"எதுக்கு அத்தை?"

"எதுக்கா? பல்லு தேஞ்சிருந்தாத்தான் உங்களுக்கு இங்க வேலைன்னு உங்க பொண்டாட்டி சொன்னா. அது எங்க தேஞ்சிருக்கும்? நான் போட்டாத்தானே! நாலு வருஷமா அது டப்பாவுலதான் இருந்துச்சு. உங்க பைக் சத்தம் தெருமுனையில கேட்டா எடுத்து மாட்டுவேன், நீங்க கிளம்பினா கழட்டிருவேன். நீங்க கேட்டதும் ரெண்டு வாரமா ராத்திரி பகலா போட்டுக்கிட்டுப் பொரிகடலையா மென்னு பாத்தேன். வாய்தான் புண்ணாச்சு, பல்லு அப்படியே மின்னுது."

"ஏன் அத்தை ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னேனே," என்றார் மாமியார். "மொத வாரமே குத்துதுன்னு சொன்னேன். புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பழகிரும்னு அரை மணி நேரம் விளக்கம் சொன்னீங்க. ஆசையா செஞ்சு குடுத்திருக்கீங்க, மறுபடியும் எப்படிச் சொல்றது?"

பூதக்கண்ணாடி காத்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு வார்த்தை விடாமல் எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னான், அரை மணி நேர விளக்கம் உட்பட. தன் குட்டைத் தானே, தன் வாயாலேயே, சரியான இலக்கணத்தில் உடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். நகம் தேய்க்கிற அட்டை என்ற இடத்தில் பூதக்கண்ணாடி உதட்டைக் கடித்தாள். விமானத்துக் கழிவறை என்றதும் அடக்கமுடியாமல் விழுந்து விழுந்து சிரித்தாள். மாமியாரும் முதலில் திகைத்து, பிறகு பொக்கை வாயோடு கூடவே சிரித்தார். அவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான்கு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய், எதிரில் உட்கார்ந்து, அந்த ஊர்ப் பெருமை பேசியிருக்கிறான். எதிரில் ஒருத்தர் சாப்பிடமுடியாமல் எல்லாவற்றையும் ஊறவைத்துக் குழைத்து விழுங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

பூதக்கண்ணாடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரோரம் இருந்த நாற்காலியைக் காட்டினாள். "அவங்களை அதுல உக்கார வை. ரயில் சாயங்காலம்தானே? சரி பண்ணு."

"நானா?"

"பின்ன நானா? நான் கை வெக்கமாட்டேன்."

அவன் கையைக் கழுவி, உறை மாட்டிக்கொண்டு வந்தான். நாற்காலியில் மாமியார் பரீட்சை எழுத வந்த குழந்தைபோல் விறைத்து உட்கார்ந்திருந்தார்.

"வாயைத் திறக்கணும் அத்தை."

மாமியார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். இடது பக்கம் கீழ் ஈற்றின் உள்புறத்தில், நாக்கு படுகிற இடத்தில், சிவந்த புண் ஒன்று நீளமாக இருந்தது. அதைச் சுற்றித் தோல் வெள்ளையாகத் தடித்திருந்தது. அந்தத் தடிப்பு இரண்டு வாரத்தில் வந்ததில்லை. பிளாஸ்டர் அச்சின்மேல் வைத்துச் செய்யும்போது, அழகுக்காக அவன் கொஞ்சம் நீட்டிவிட்ட செட்டின் விளிம்பு நேராக அங்கேதான் வந்து இடித்தது. அச்சுக்கு வலிக்காது, அதனால் அவனுக்குத் தெரியவில்லை.

செட்டின் உள்புறம் வெள்ளைக் களிம்பைத் தடவி மாட்டி எடுத்தான். எங்கே அழுத்துகிறதோ அங்கே களிம்பு அழிந்திருக்கும். அழிந்த இடத்தைச் சின்ன மோட்டாரால் தேய்த்தான். மறுபடி தடவினான், மறுபடி மாட்டினான்.

"இப்ப எப்படி இருக்கு அத்தை?"

"பரவால்ல மாப்பிள்ளை."

"என்ன சொன்னாங்க?" என்றாள் பூதக்கண்ணாடி.

அவன் அந்த வார்த்தையை மாற்றிச் சொல்லச் சிரமப்பட்டான். "நல்லாவும் இல்ல, ஆனா உங்களுக்கு ஏன் தொந்தரவு, அப்படின்னு அர்த்தம்."

"அது இந்த நாற்காலியில செல்லாதுன்னு சொல்லு. வலிக்குது, வலிக்கல. இந்த ரெண்டுல ஒண்ணு."

அவன் சொன்னான். மாமியார் யோசித்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், மறுபடி மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"அப்படின்னா வலிக்குது மாப்பிள்ளை."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. இங்கே குத்துகிறது, அங்கே அறுக்கிறது, பேசினால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் டக்டக்கென்று அடித்துக்கொள்கிறது, கொட்டாவி விட்டால் கீழ் செட்டு எழும்பி வருகிறது. நான்கு வருஷக் குறை வரிசை கட்டி வந்தது. கடைசியில், "இவ்வளவு வெள்ளையா எதுக்கு மாப்பிள்ளை வெச்சீங்க? என் வயசுக்கு இது கல்யாணப் பொண்ணு பல்லு. தெருவுல சிரிச்சாத் திரும்பிப் பாக்கறாங்க" என்றார். அவன் ஒவ்வொன்றையும் கேட்டான். ஒரு விளக்கமும் சொல்லவில்லை. வாயில் 'அது வந்து அத்தை' என்று இரண்டு தடவை வந்ததை விழுங்கிவிட்டான்.

நீலத் தாளைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னான். உயரமான இடத்தில் நீலம் அப்பியது. அங்கே தேய்த்தான். கடி, தேய், கடி, தேய் என்று இரண்டு மணி நேரம் போனது. அந்த நேர்க்கோட்டுக் கீறல்களையும் மெருகு போட்டு எடுத்துவிட்டான். நிறத்தை மட்டும் இன்றைக்கு ஒன்றும் செய்யமுடியாது. பூதக்கண்ணாடி தன் மேஜையில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு தடவைகூட எழுந்து வரவில்லை. ஆனால் மாமியார் பேசும்போதெல்லாம் அவள் கை நின்றது.

கடைசியாக மாட்டியதும் மாமியார் நாக்கால் உள்ளே சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். "புண்ணு மேல படல. டக்டக் சத்தமும் இல்ல."

பூதக்கண்ணாடி வந்து உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். பிறகு அவனிடம் திரும்பினாள்.

"இந்த செட்டைப் பாத்து உன்னை எடுக்க முடியாது. அது உனக்கே தெரியும்."

"தெரியும்," என்றான். சொல்லும்போது போன் திரைக்குள் ஒரு குழந்தை தவழ்வது கண்ணில் வந்துபோனது.

"மூணு மாசத்துல இந்த வழியாத்தானே திரும்புவீங்க? அப்ப இவங்களையும் கூட்டிக்கிட்டு வா. இந்தப் பல்லு அதுக்குள்ள சாப்பிட்டிருக்கணும். மூணு மாசத் தேய்மானம் கொஞ்சம்தான் இருக்கும், எனக்கு அது போதும். ரெண்டு பக்கமும் சரியா இருந்தா ஜன்னலோர மேஜை உனக்கு. அதுவரைக்கும் அதை யாருக்கும் தரமாட்டேன்."

அவன் மாமியாருக்கு மாற்றிச் சொன்னான். மாமியார் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "என்னென்ன சாப்பிடணும்னு கேளுங்க" என்றார்.

ரயில் நிலையத்தில் நின்றபடி மனைவிக்கு போன் செய்தான்.

"உங்கம்மா பல்லே போடறதில்லன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரு முழுக்கத் தெரியும்," என்றாள் அவள். "உங்க பைக் சத்தம் கேட்டா எதிர்வீட்டுக்காரங்களே 'பல்லு பல்லு'ன்னு குரல் குடுப்பாங்க. வேலை என்னாச்சு?"

"உங்கம்மா வாயில இருக்கு," என்றான். ரயில் வந்துவிட்டதால் மீதியை வந்து சொல்வதாகச் சொல்லி போனை வைத்துவிட்டான்.

பெட்டியில் கூட்டம் இருந்தது. ஜன்னலோரம் மாமியாருக்கு இடம் பிடித்துக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்தான். வெயில் சாய்ந்திருந்தது. ஆறும் பாலமும் தபால் நிலையக் கடிகாரமும் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. எப்போதும்போல் அந்த ஊரைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டும்போல் அவனுக்கு நாக்கு துறுதுறுத்தது. சொல்லாமல் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமியார் கைப்பையைத் திறந்து, காலையில் வாங்கிய ஆப்பிளை எடுத்தார். துடைத்தார்.

"இருங்க அத்தை, வெட்டித் தரேன்."

"வேண்டாம்."

இரண்டு கையாலும் ஆப்பிளைப் பிடித்துக்கொண்டார். வாயை மறைக்க மூன்றாவது கை இல்லை. நறுக்கென்று ஒரு கடி கடித்தார். பக்கத்து இருக்கையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மாமியார் அவசரமில்லாமல் மென்றார், இந்தப் பக்கம் பத்துத் தடவை, அந்தப் பக்கம் பத்துத் தடவை. எண்ணிக்கொண்டுதான் மெல்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"எப்படி இருக்கு அத்தை?"

மாமியார் விழுங்கினார். "பர..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"இடது பக்கம் பின்னால, இன்னும் லேசா வலிக்குது மாப்பிள்ளை."

அத்தனை பேர் இருந்த பெட்டியில், கூச்சப்படாமல், உரக்கச் சொன்னார். ஆறு வருஷத்தில் மாமியார் அவனிடம் சொன்னதிலேயே அவனுக்கு இதைவிட சந்தோஷம் தந்த வார்த்தை வேறில்லை.

"காட்டுங்க," என்று எழுந்து வந்தான். மாமியார் ஆப்பிளை மடியில் வைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, வாயை நன்றாகத் திறந்தார்.